ஈரச் சாக்கு

முக்கூடல்
ஆனி கடைசி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுகிறதாம். இங்கே காற்று மட்டும்தான். கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டு முருங்கையில் போய்த் தொங்குகிறது. அப்பா கார் நெல் நடவு வேலையில் இருக்கிறார். சேற்றுக் காலோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து காப்பி கேட்கிறார்.

போன மாதம் போனில், "புத்தகம் எப்படி அம்மா இருக்கிறது?" என்று கேட்டாய். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அது பொய். முன்பதிவு செய்து, 750 ரூபாய் கொடுத்து, புனேயிலிருந்து கூரியரில் அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று மூன்று முறை கேட்ட பிள்ளையிடம் வேறு என்ன சொல்ல? போனை வைத்த பிறகு அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். முதல் நாள் இரவுதான் அவரிடம் அரை மணி நேரம் அந்த நாவலைத் திட்டியிருந்தேன். போனில் சொல்ல வராதது எழுத்தில் வரும் என்பதால் எழுதுகிறேன். நீளமாகப் போகும். பேத்தி தூங்கிய பிறகு படி.

நாவலை எழுதியவர் பெயரை இதில் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். கோபத்தில் எழுதுகிற கடிதத்தில் ஒரு பெரிய மனிதரின் பெயரைப் போட்டு வைப்பது சரியாகப் படவில்லை.

அவருடைய முதல் நாவல் எங்களுக்கு எப்படி வந்தது என்பதை உனக்குத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். 1984. எனக்கு இருபது வயது. பத்தாவது தேறிவிட்டு உன் ஆச்சி வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். மாமா இடித்துக் கட்டிவிட்டாரே, அந்தப் பழைய திண்ணை. எதிரும் புதிருமாக ஐந்து பேர் உட்காரலாம். ஐந்து மடியில் ஐந்து பீடித்தட்டு. ஐந்து பேரில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வார இதழ் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும். ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டு வாங்குவோம். நான் தட்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத் தொடர்கதையை வாசிப்பேன். வாசிக்கிற நேரத்துக்கு என் கணக்கில் விழ வேண்டிய பீடியை மற்ற நால்வரும் ஆளுக்கு ஒரு கட்டாகச் சுற்றித் தந்துவிடுவார்கள். கிழக்கு வீட்டு மதினி சில வாரம் இரண்டு கட்டு தருவாள். கதை நன்றாக இருந்தால் இரண்டு, இல்லாவிட்டால் ஒன்று. எழுத்துக்காரருக்கு அதைவிட நேர்மையான விமர்சனம் வேறு எங்கும் கிடைத்திருக்காது.

அதுவரை நாங்கள் வாசித்த தொடர்கதைகளில் எல்லாம் மாடி வீடு இருக்கும், பியானோ இருக்கும், கார் ஓட்டுகிற பெண் இருப்பாள். பிடிக்காமல் இல்லை, வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்டோம். ஒரு வெள்ளிக்கிழமை புதுத் தொடர் தொடங்கியது. முதல் பத்தியில் ஒரு பெண் விடிகாலையில் எழுந்து, முந்தின இரவு நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்த இலையைப் பிரித்து, புறங்கையால் தொட்டுப் பார்க்கிறாள். புறங்கையால்! திண்ணையில் ஐந்து பேரும் கையை நிறுத்திவிட்டோம். இலை பதமாக இருக்கிறதா என்று உள்ளங்கையால் பார்த்தால் தெரியாது. புகையிலைத் தூளும் நூலும் பட்டுப் பட்டு உள்ளங்கை மரத்துப் போயிருக்கும். இதை நாங்கள் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று நினைத்ததுகூட இல்லை. எங்கோ உட்கார்ந்து ஒரு ஆண்பிள்ளை இதைப் பார்த்திருக்கிறார், நினைவில் வைத்திருக்கிறார், அச்சில் போட்டிருக்கிறார்.

பிறகு வாரா வாரம் அதே கதைதான். கடையில் ஆயிரம் பீடிக்கென்று கொடுக்கிற இலை ஆயிரத்துக்குப் போதாது, கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்க வேண்டியிருக்கும். அது வந்தது. கட்டை உள்ளங்கையில் உருட்டி, கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துக் கழிவு என்று ஒதுக்குகிற கடைக்காரர் வந்தார். அவர் கழித்த பீடி எந்தக் கணக்கில் போகிறது என்று அந்தப் பெண் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. நாங்களும் கேட்டதில்லை.

எல்லாவற்றையும்விட அந்தப் பேச்சு. கதைக்குள் பெண்கள் பேசும்போது நடுவில் எண்ணிக்கை வரும். "நேற்று அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள், இருபத்துமூன்று, வந்தவர்களுக்கு, இருபத்துநான்கு, முகமே சரியில்லை, இருபத்தைந்து." அவ்வளவுதான், பேச்சு நிற்கும். இருபத்தைந்தைச் சேர்த்துக் கட்டிய பிறகுதான் மீதிக் கதை. நாங்கள் அப்படித்தான் பேசுவோம், இன்றும் கிழக்கு வீட்டு மதினி அப்படித்தான் பேசுகிறாள். சுற்றுவதை விட்டுப் பத்து வருடம் ஆன பிறகும் அவள் பேச்சு நடுவில் ஒரு மூச்சு நிற்கும்.

அந்தத் தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, அம்பாசமுத்திரத்தில் பைண்டு செய்து வாங்கினேன். என் கல்யாணத்துக்குப் புடவைக்கு அடுத்தபடி பெட்டியில் வைத்தது அதைத்தான். அப்புறம் அவர் எழுதிய நான்கைந்து நாவல்களைக் கிளை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். எல்லாமே நன்றாக இருந்தன. நீ பிறந்த வருடம் வந்தது மட்டும் கொஞ்சம் சுமார்.

இனி புது நாவலுக்கு வருகிறேன்.

இதிலும் பீடி சுற்றுகிறவள் ஒருத்தி வருகிறாள். வயதானவள். அட்டையைப் பார்த்ததுமே எனக்குப் பாதி சந்தோஷம். நாற்பது வருடம் கழித்துத் திரும்ப எங்களிடம் வந்திருக்கிறார், இந்த முறை நானும் கிழவி, அவள் வயதுதான் எனக்கும். அப்பா சாப்பிடக் கூப்பிட்டும் போகாமல் படித்தேன். முப்பதாம் பக்கம் தாண்டியதும் அந்தக் கிழவி பேசத் தொடங்கினாள். இரண்டரைப் பக்கம் பேசினாள். காலத்தைப் பற்றி, ஆற்றைப் பற்றி, மனிதன் எதையோ தேடிக்கொண்டே இருப்பதைப் பற்றி. நடுவில் ஒரு எண்ணிக்கை கிடையாது. கையில் பீடி இருக்கிறதா, கீழே வைத்துவிட்டாளா என்பதே தெரியவில்லை. அடுத்த அத்தியாயத்தில் அவள் பேரன் பேசினான், அவனும் அதே போலத்தான் பேசினான். பிறகு ஒரு கலெக்டர். பிறகு ஒரு கீரைக்காரி. எல்லாருக்கும் ஒரே வாய். அந்த வாய் யாருடையது என்று எனக்குத் தெரியும். போன வருடம் தொலைக்காட்சியில் அவர் விருது வாங்கிக்கொண்டு பேசியதை நீயும் நானும் சேர்ந்துதானே பார்த்தோம்.

அப்படியும் விடவில்லை. பெரிய மனிதர், பெரிய நாவல், போகப் போகக் கூடி வரும் என்று படித்துக்கொண்டே போனேன். 88-ஆம் பக்கத்தில் இப்படி இருந்தது: சித்திரை வெயில், நடு மத்தியானம், தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்க அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

நீ அந்த வீட்டில் வளர்ந்தவள், உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்குகிறேன், எழுதினால்தான் மனம் ஆறும். உனக்குப் பத்து வயதிருக்கும்போது வியர்க்கிறது என்று ஓடிப் போய் விசிறியைப் போட்டுவிடுவாய். நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்துவோம். தட்டில் இருக்கிற தூள் பறந்து கண்ணில் விழும், பதம் பார்த்து வைத்த இலை காய்ந்து நொறுங்கும். சித்திரையிலும் வைகாசியிலும் முதுகில் வியர்வை வழிய, கதவைக்கூட ஒருக்களித்து வைத்துக்கொண்டுதான் சுற்றுவோம். விசிறி இல்லாத வீடு என்பதால் இல்லை. விசிறி தலைக்கு மேலேயே இருக்கும், போட முடியாது. புறங்கையால் இலையைத் தொட்டுப் பார்த்த பெண்ணை எழுதியவருக்கு இது தெரியாமல் போகுமா? அன்று தெரிந்திருக்கும். இன்று அவர் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்து எழுதுகிற அறையில் விசிறி சுழல்கிறது, அதை அப்படியே கிழவியின் தலைக்கு மேலே மாட்டிவிட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் நாவல் படிக்கிறவர் இல்லை என்று உனக்குத் தெரியும். கையில் வாங்கிப் புரட்டியவர் எங்கோ நடுவில் ஒரு இடத்தில் நின்று, "இவர் நம் பக்கத்து ஆள்தானா?" என்று கேட்டார். என்ன என்று பார்த்தால், ஆவணி மாதத்தில் பிசான நெல் அறுக்கிறார்கள். ஆவணியில் பிசான அறுவடை! கார் பயிர் கதிர் வாங்குகிற மாதத்தில், இன்னும் நாற்றே பாவாத பிசானத்தை அறுத்துக் களத்தில் அடித்துவிட்டார். பிசானம் மாசியிலும் பங்குனியிலும் வீட்டுக்கு வரும் என்பது தாமிரபரணித் தண்ணீர் குடித்த குழந்தைக்குத் தெரியும். அப்பாவுக்கு அன்று முழுவதும் குஷி. வயலுக்குப் போகிற வழியில் பார்க்கிறவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் குஷி இல்லை. அப்பா தூங்கிய பிறகு அழுதேன் என்று சொன்னால் சிரிக்காதே.

"வயதாகிவிட்டது, விடு" என்றார் அப்பா. நீயும் அதைத்தான் சொல்லுவாய். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கும்தான் வயதானது. ஒரு காலத்தில் நாளுக்கு ஆயிரம் பீடி. விரல் மூட்டு பிடித்துக்கொண்ட பிறகு அறுநூறு, கடைசியில் நானூறு. அதற்கும் கீழே போனபோது கடை பாஸ்புக்கைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் அந்தக் கடைசி நானூறிலும் ஒரு கட்டு கழிவு என்று திரும்பியதில்லை. எண்ணிக்கை குறைந்தது, தூளைக் குறைக்கவில்லை. தூள் குறைந்த பீடியைப் பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. இலை சரியாக இருக்கும், நூல் சரியாக இருக்கும், வாய் அழகாக மடிந்திருக்கும். அமுக்கினால்தான் சப்பும். இந்த நாவல் 640 பக்கம். நடை அவருடையது, ஊர் நம் ஊர், ஆறு நம் ஆறு. அமுக்கினால் சப்புகிறது. கை பழக்கத்தில் ஓடியிருக்கிறது.

அவர் ஊரை விட்டுப் போய் முப்பது வருடம் ஆகிவிட்டது, எப்படி எல்லாம் நினைவிருக்கும் என்று கேட்பாய். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். புதுமைப்பித்தன் சென்னையில் பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்துகொண்டுதான் திருநெல்வேலியை எழுதினார். சினிமா வேலையாக, நீ இருக்கிற அதே புனேக்குப் போன இடத்தில்தான் அவருக்குக் காசநோய் முற்றியது. 1948-இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42. பிற்கால நாவல் எழுதி நம்மை ஏமாற்ற அவருக்கு ஆயுளே கொடுக்கப்படவில்லை. கி. ராஜநாராயணனும் ஊரை விட்டுப் புதுச்சேரிக்குப் போனவர்தான். 2021-இல் அங்கேதான் காலமானார், கடைசிவரை எழுதினார். இடைசெவல் கரிசல் மண் அவர் காலில் ஒட்டிக்கொண்டே போயிருந்தது. அதே இடைசெவல்காரர் கு. அழகிரிசாமி 1970-இலேயே போய்விட்டார், ஐம்பதைக்கூடத் தொடவில்லை. ஒரே ஊர்ப் புழுதியில் வளர்ந்த இரண்டு பேர், ஒருவருக்கு அவ்வளவு ஆயுள், ஒருவருக்கு இவ்வளவு. ஆயுள் கிடைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. கிடைத்ததை இப்படியா செலவழிப்பது?

இவ்வளவும் போன மாதக் கோபம். இதோடு கடிதம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

புது நாவலோடு அந்த முதல் நாவலின் புதுப் பதிப்பையும் சேர்த்து அனுப்பியிருந்தாய் அல்லவா? மனம் ஆறுவதற்காக அதை எடுத்தேன். நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போனேன். எதற்கு என்று உனக்குத் தெரியும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த முடிவைத்தான் எத்தனையோ இரவு உனக்குக் கதையாகச் சொன்னேன். கல்யாணம் நின்றுபோகிறது. ஊர் வாயில் விழுந்து எழ முடியவில்லை. அந்தப் பெண் இருட்டுகிற நேரத்தில் ஆற்றுக்குப் போகிறாள். படித்துறையில் ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். பிறகு தோளில் கிடந்த சாக்கை எடுத்துத் தண்ணீரில் முக்கி, இரண்டு முறை அலசி, பிழியாமல் அப்படியே தலையில் போட்டுக்கொண்டு படியேறுகிறாள். நாளைக்கு இலை சுற்ற வேண்டும். ஈரச் சாக்கிலிருந்து தண்ணீர் அவள் முதுகில் சொட்டிக்கொண்டே வருகிறது. கதை முடிந்தது. நீ ஒவ்வொரு முறையும், "அவளுக்குக் குளிராதா அம்மா?" என்று கேட்பாய்.

என் வாழ்க்கையில் நான் வாசித்த முடிவுகளிலேயே அதற்கு மேலே ஒன்று இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பிறந்த வருடம் வந்த அந்தச் சுமார் நாவலையும் அந்த ஒரு சாக்குக்காகத்தான் மன்னித்து வந்தேன்.

புதுப் பதிப்பில் அந்த இடம் இல்லை. அந்தப் பெண் ஆற்றில் இறங்குகிறாள், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நிலாவைப் பற்றி ஒரு பத்தி. அவ்வளவுதான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! பழையதையும் கெடுத்துவிட்டார், திருத்துகிறேன் என்று உயிரை எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு அஞ்சலட்டை வாங்கி வரச் செய்து எழுதவும் தொடங்கினேன். "மதிப்பிற்குரிய ஐயாவுக்கு, பீடி சுற்றுகிற வீட்டில் மின்விசிறி சுழலாது. அது போகட்டும். அந்தப் பெண்ணைத் தண்ணீரில் தள்ள உங்களுக்கு எப்படி மனம் வந்தது?" இந்த இடத்தில் நிறுத்தினேன். ஆதாரம் வேண்டுமே. பழைய பைண்டு இருக்கிறது, அதிலிருந்து வரிக்கு வரி எடுத்து எழுதினால்தான் அவர் வாயை அடைக்க முடியும் என்று தோன்றியது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதே, அப்போது அந்தத் தகரப் பெட்டியின் அடித்தட்டு நனைந்துவிட்டது. பைண்டின் கடைசி ஏழெட்டுப் பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி அப்பளம் போல இருந்தன. உலையில் அரிசி கொதிக்கும்போது பானை வாய்க்கு நேரே பிடித்து ஆவி காட்டினேன். இலை வெட்டுகிற பழைய கத்தரியின் மொட்டை முனையை உள்ளே விட்டு, கிழியாமல், ஒரு பக்கத்துக்கு ஒரு உலை என்று மூன்று நாள் பிரித்தேன். அப்பா, இந்த வீட்டில் சோறு குழைவது இலக்கியத்தால்தான் என்றார். கடைசிப் பக்கம் வந்தது. மேலே அரைப் பக்கம் கதை. கீழே கூந்தல் தைலம் விளம்பரம். கதையில் அவள் ஆற்றில் இறங்குகிறாள், திரும்பி வரவில்லை. நிலா. முற்றும்.

சாக்கு இல்லை.

பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். துணுக்கு ஒன்று இருந்தது. பக்க எண்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை. நாற்பது வருடமாக என் கண்ணில் நிற்கிற ஈரச் சாக்கு எந்தக் காகிதத்திலும் இல்லை.

அன்று மாலையே கிழக்கு வீட்டு மதினியிடம் போனேன். உன் அத்தைக்குக் கண்ணில் புரை எடுத்தும் சரியாகத் தெரியவில்லை, நினைவு மட்டும் கூர்மை. "மதினி, அந்தத் தொடர்கதையில் கடைசியில் அவள் என்ன ஆனாள்?" என்று கேட்டேன். "சாக்கை நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்" என்றாள். "அப்படிக் கதையில் இல்லையே" என்றேன்.

"கதையில் எப்படி இருக்கும்? அதை நீதானே சொன்னாய்" என்றாள்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை நான் வாசித்துக்கொண்டே வந்து, பக்கத்தைத் திருப்பிவிட்டு நின்றுவிட்டேனாம். தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டேனாம். செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, பிறகு பக்கத்தைப் பார்க்காமல், மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னேனாம். "அன்றைக்கே தெரியும். வாசிக்கும்போது உனக்குக் கண் ஓடும். அன்றைக்கு ஓடவில்லை" என்றாள்.

அவள் செம்பைச் சொன்ன பிறகுதான் எனக்குத் திறந்தது. அந்த வருடம் தைக்கு முன்னால் மதினியின் தங்கை ஆற்றோடு போயிருந்தாள். கால் தவறி விழுந்தாள் என்று ஊரில் சொன்னார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். திண்ணையில் ஒருத்தர்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்தத் திண்ணையில், மதினி இலை வெட்டிக்கொண்டிருக்கும்போது, அவள் ஆற்றில் இறங்கினாள், திரும்பவில்லை என்று நான் எப்படி வாசிப்பேன்? சாயங்காலம் ஆற்றுக்குக் குளிக்கப் போனால் நாங்கள் எல்லாரும் சாக்கை நனைத்து எடுத்துக்கொண்டுதான் வருவோம். அது வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அன்று மதினி எனக்கு மூன்று கட்டு சுற்றிக் கொடுத்தாள்.

சொல்லிவிட்டு மறந்தும் விட்டேன் பார். மறந்தது மட்டும் இல்லை, அதை அவர் கணக்கில் எழுதிவிட்டேன்.

ஒரு வாரமாக இதைப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். முதலில், நான் ஏமாந்தது அவரிடம் இல்லை, என்னிடமே என்று தோன்றியது. பிறகு அப்படியும் இல்லை என்று தோன்றியது. புறங்கை அவருடையதுதான். இருபத்துமூன்று, இருபத்துநான்கு என்று எண்ணியது அவருடையதுதான். பைண்டில் இருக்கிறது, தொட்டுப் பார்த்தேன். முப்பது வாரம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியவர், கடைசி வாரம் அந்தப் பெண்ணை என்ன செய்வது என்று தெரியாமல் ஆற்றில் தள்ளிவிட்டு நிலாவைக் காட்டிவிட்டார். அந்த நிலா இப்போது வந்ததில்லை, அன்றே இருந்தது. நாங்கள்தான் சாக்கைப் போட்டு மூடிவிட்டோம். இப்போது மூட ஆள் இல்லாததால் 640 பக்கத்துக்கும் நிலாவாக இருக்கிறது.

நீ கேட்பாய், அப்படியானால் மன்னித்துவிட்டாயா என்று. இல்லை. விசிறி விசிறிதான். அதை மன்னிக்க முடியாது. ஆனால் அந்த அஞ்சலட்டையை அனுப்பவில்லை. பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது. அவள் ஏன் திரும்பி வரவில்லை என்று எந்த முகத்தோடு அவரிடம் கேட்பேன்? "நான் எழுதவே இல்லையே அம்மா" என்று பதில் வந்தால் என்ன செய்வது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு கதை சொல்லச் சொன்னார்கள் என்று இந்த முடிவைத்தான் போய்ச் சொன்னாய், நினைவிருக்கிறதா? பரிசாக ஒரு சோப்பு டப்பா வாங்கி வந்தாய். யார் எழுதிய கதை என்று கேட்டதற்கு அவர் பெயரைச் சொன்னாயாம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு நல நிதியிலிருந்து வந்த உதவித்தொகையில் வாங்கிய புது நோட்டின் முதல் பக்கத்திலும் அதே கதையை எழுதி, கீழே அவர் பெயரைப் போட்டு வைத்திருந்தாய். அந்த நோட்டு இருந்தால் எடுத்து வை. பெயரைத் திருத்த வேண்டாம். எனக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன். மாமா மகன் ஆடி பிறந்ததும் அந்தப் பக்கம் வருகிறானாம், கொடுத்துவிடுகிறேன். பேத்திக்குக் காரம் ஆகாது, கழுவிக் கொடு. அடுத்து அவர் நாவல் எழுதினால் வாங்காமல் இருந்துவிடாதே, வாங்கி அனுப்பு. விலை அதிகமாக இருந்தால் பழைய புத்தகக் கடையில் வரும்வரை பொறுத்து வாங்கு.

இரண்டு நாளாக மாலையில் மதினி வீட்டுக்குப் போய் இந்தப் புது நாவலை வாசிக்கிறேன். அவளாகத்தான் கேட்டாள், "அந்த மனிதர் இன்னும் எழுதுகிறாரா? வாசி, கேட்போம்" என்று. கிழவியின் இரண்டரைப் பக்கப் பேச்சில் அவள் தூங்கிவிட்டாள். நேற்று 88-ஆம் பக்கம் வந்தது. எனக்கு நாக்கு நுனியில் வேறு வாக்கியம் தயாராக இருந்தது. கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு என்று மாற்றிச் சொன்னால் முடிந்தது, யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் இந்த முறை மாற்றக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். எழுதியதை எழுதியபடி வாசித்தேன். தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்க அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

மதினி கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினாள். "ஏட்டி, தூள் பறக்கும். ஃபேனை அணைக்கச் சொல் அவளை" என்றாள்.

அணைத்துவிட்டாள் மதினி என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியை வாசித்தேன்.

அன்புடன்,
அம்மா